வெருளிக்குக் கட்டிய இடுப்புப்பட்டி

மேல்வீடு கட்டும் எவரும், ஒரு கல் வைக்குமுன் அந்த வீட்டைக் கணினிக்குள் கட்டி, அதிலிருந்து விழக்கூடியவர்களை முன்கூட்டியே விழுத்திப் பார்க்கவேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. பரந்தனில் மேல்வீடு கட்டவிருந்த இராசமலருக்கு அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவ. எதையும் ஒழுங்காகச் செய்யவேணும், அதை நாலு பேர் பார்க்கவும் வேணும்.

உத்தியோகத்தர் குகதாசன் மடிக்கணினியோடு வந்து விறாந்தைக் கதிரையில் இருந்தார். திரையில் வீடு சுழன்றது. சின்ன மனிசன் ஒருவன் மேல்தளத்தில் நடந்து, படிக்கட்டுக்கு விட்ட ஓட்டைக்குள் விழுந்தான்.

“பாத்தீங்களே அக்கா? இதைச் சுத்திக் கம்பிவேலி போட்டுத்தான் வேலை தொடங்கவேணும்.”

வேலியைப் போட்டார். சின்ன மனிசன் பிழைத்து, தலைக்கவசமும் இடுப்புப்பட்டியுமாக வடமேற்கு மூலையில் போய் நின்றான்.

இராசமலருக்கு முகம் சுண்டியது. “தம்பி, இதென்ன மாட்டுப்பட்டி மாதிரி? ரொறன்ரோவில தங்கச்சிக்குப் படம் அனுப்பவேணுமெல்லே?”

“எடுக்க ஏலாது அக்கா. மறைக்கலாம். இருக்கும், ஆனா தெரியாது.”

வேலி மறைந்தது. படம் ரொறன்ரோவுக்குப் போனது. பாதுகாப்புச் சான்றிதழ் வந்து, பிரேம் போட்டு ஹோலில் தொங்கியது.

மேசன் மூக்கன் படத்தில் உள்ளபடியே தளம் போட்டார். படத்தில் வேலி தெரியவில்லை, தளத்திலும் தெரியவில்லை.

“ஓட்டை மேல ரெண்டு பலகை போட்டுறட்டுமாம்மா?”

“படத்தில பலகை இருக்கோ, மூக்கன்?”

“படத்துல உள்ளவன் விழுந்தாலும் எந்திரிச்சிருவான். நம்மளால முடியுமா?”

அதிகப்பிரசங்கம் என்று இராசமலர் தீர்மானித்தா. மூக்கன் ஒருவரையும் கேளாமல் பலகையைப் போட்டார்.

பரிசோதனை நாளில் குகதாசன் கணினியையும் கட்டடத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

“பலகை மேலதிகக் கட்டுமானம். எடுங்கோ. வடமேற்கு மூலையில கவசம் போட்ட தொழிலாளி நிக்கவேணும். எங்கை ஆள்?”

“நான் அங்க போய் நின்னா கலவை யாரு கொழைக்கிறது?” என்றார் பலகையை எடுத்துக்கொண்டே மூக்கன்.

இருந்தது ஒரு கவசம், ஒரு பட்டி. அதே மூலையில் கண்ணூறு படாமலிருக்கக் கட்டிய வைக்கோல் வெருளி ஒன்று நின்றது. கன்னியர் மடத்தில் தீட்டிய மூளை சும்மா இருக்குமா? பத்து நிமிசத்தில் வெருளி கவசம் அணிந்து, பட்டி கட்டி, தூணோடு பத்திரமாகப் பிணைக்கப்பட்டது. குகதாசன் சரி போட்டார்.

“இந்தப் பகுதியில விதி மீறாத முதல் தொழிலாளி, அக்கா.”

அந்த வெற்றியையும் தங்கச்சிக்கு அனுப்ப இராசமலர் போனை உயர்த்தினா. வெருளியின் தலை படத்துக்குள் அடங்கவில்லை. ஒரு அடி பின்னால் வைத்தா. கால் அடங்கவில்லை. இன்னொரு அடி வைத்தா.

“அம்மா, ஓட்டை!”

கீழே மூக்கன் குவித்த மணல் இருந்ததால் உயிர் தப்பியது. வலது கால் தப்பவில்லை.

மூன்றாம் நாள் குகதாசன் தோடம்பழத்தோடும் ஒரு படிவத்தோடும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

“கணினியில வீட்டுக்காரி இல்லை, அக்கா. இல்லாத ஆள் விழ ஏலாது. ‘விபத்து எதுவும் நிகழவில்லை’ எண்டு ஒரு கையெழுத்து வையுங்கோ. இல்லாட்டிச் சான்றிதழைத் திருப்பித் தரவேணும்.”

பார்க்க வந்திருந்த மூக்கன் பதறினார். “போட்டுறாதீங்கம்மா! நாளைக்கு நான்தான் மேல ஏறணும்.”

இராசமலருக்கு மனம் இளகத்தான் செய்தது. ஆனால் சான்றிதழை ஏற்கெனவே ரொறன்ரோவில் பார்த்துவிட்டார்களே.

“பேனையைத் தாங்கோ, தம்பி.”

கன்னியர்கள் பழக்கிய கையெழுத்து, அச்சடித்ததுபோல் இருந்தது.

மூக்கன் தன் வெறுந்தலையைத் தடவினார். “அந்த வெருளி போட்டிருக்கிற தொப்பியும் பட்டியுமாச்சும் எனக்குக் குடுப்பீங்களாம்மா?”

“ஏலாது!” என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில். “அவன் வேலையில நிக்கிறான்.”