கண் திறந்து பார்த்த படம்

"வெட்டுகது எதக் கொண்டு? வாக்கத்தியா, கோடாலியா?" என்று கேட்டார் சபை மூப்பர் சத்தியராஜ்.

தேவகுமார் திருதிருவென்று விழித்தார். கத்தியா கோடாலியா என்று சொல்ல வேண்டுமானால் கண்ணைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். முதல் வெட்டுக்கே கைக்குட்டையை முகத்தில் போட்டவர், படம் முடிந்து விளக்கெல்லாம் போட்ட பிறகுதான் எடுத்தார்.

"அது... ஒருமாதிரி ஆயுதமாக்கும் அண்ணா."

"என்ன மாதிரிலே? நீ படம் கண்டியா, இல்லியா?"

விஷயம் இதுதான். கேரள எல்லையில் பாறசாலைக்குப் பக்கத்துச் சபையின் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள், சனிக்கிழமை எல்லாரும் சேர்ந்து ஒரு படத்துக்குப் போக அனுமதி கேட்டிருந்தார்கள். படம் முழுக்க அடிதடி, நடுநடுவே சிரிப்பு. பதினாறு பதினேழு வயசுப் பிள்ளைகள் பார்க்கிற படமா என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். கமிட்டிக்காரர்களோ தியேட்டர் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர்கள், அல்லது அப்படிச் சொல்லிக்கொள்கிறவர்கள். கடைசியில் பிள்ளைகளே தேவகுமார் பெயரைச் சொன்னார்கள்.

தேவகுமாருக்குப் பெயிண்ட் கடை. சிவப்பு பெயிண்ட் டின்னோடு கவிழ்ந்தாலும் அசராத மனுஷன். ஆனால் ரத்தம் ஒரு சொட்டு கண்டால் போதும், தலை சுற்றி விழுந்துவிடுவார். இது தன் மனைவி தங்கபாய்க்கு மட்டும்தான் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்" என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம்தான். ஆனால் சங்கத்தில் மகள் ஜெஸ்னாவும் இருக்கிறாள். இந்த வருஷம் அவள் அப்பாவோடு பேசியதெல்லாம் "ம்", "செரி", "சார்ஜர் எங்க?" இவ்வளவுதான். மனுஷனுக்கு அது உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. கூட்டுக்காரிகள் முன்னால் அவளுக்கு நாணக்கேடு வராமல் இந்த அனுமதியை வாங்கிக் கொடுத்துவிட்டால், பிள்ளை பழையபடி பேசுவாள் அல்லவா?

"இன்னொருக்கா பாத்துட்டு வெள்ளிக்கிழமை சொல்லுகேன் அண்ணா" என்றார்.

இந்தத் தடவை தங்கபாயையும் கூட்டிக்கொண்டார். அவள் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். அவள் பார்க்கட்டும், நாம் கேட்டுக்கொள்வோம் என்று ஏற்பாடு. சபைக்காரர்கள் கண்ணில் படாமல் இருக்க, களியக்காவிளை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கத்துத் தியேட்டருக்குப் போனார்கள்.

"இப்ப என்னாச்சு?" கைக்குட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஒருத்தனுக்க கைய வெட்டியாச்சு."

"ஏசுவே! சோர உண்டா?" என்று ரத்தத்தைப் பற்றி விசாரித்தார்.

"உண்டு, உண்டு. ஆனா ஒறிஜினல் சோர இப்பிடியா இருக்கும்? அவன் காயத்துக்கு ஒரு கெட்டு கூட போடாம நிண்ணு வசனம் பேசுகான் பாருங்க. இந்நேரம் பி.பி. எறங்கி விழுந்திருக்கணும்!" என்று தங்கபாய் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு சீன் வந்தபோதெல்லாம் நைட் டூட்டி அசதியில் தூங்கினாள்.

இடைவேளையில் தேவகுமார் டீ வாங்கப் போனார். முன்னால் பப்ஸும் கையுமாக சத்தியராஜ் நின்றிருந்தார். அவரும் எல்லை தாண்டி வந்திருக்கிறார்! மூப்பர் சட்டென்று திரும்பி, சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியை உற்று ஆராயத் தொடங்கினார். தேவகுமாரும் யாரையும் பார்க்காதவர்போல் டீ வாங்காமலே திரும்பினார்.

ஆனால் அதே தியேட்டருக்கு வந்திருந்த பாடகர் குழு கிருபாபாய் தேவகுமாரை நன்றாகவே பார்த்துவிட்டாள். மறுநாளே ஊரெல்லாம் பேச்சு. "தேவகுமார் ரெண்டு மட்டம் கண்டாராம். அப்பம் படம் கொள்ளாமாக்கும், நல்லாத்தான் இருக்கும்!" பாடகர் குழுவில் பாதிப் பேர் டிக்கெட் எடுத்தார்கள்.

சத்தியராஜ் கடைக்கே வந்துவிட்டார்.

"எலே, ஒன்ன பரிசோதிக்க விட்டோமா, விளம்பரம் பண்ண விட்டோமா? வெள்ளிக்கிழமை பிள்ளைகளுக்க முன்னால நிண்ணு ஒவ்வொரு வெட்டையும் வெவரமா சொல்லணும். ஒண்ணு தப்பினாலும் அனுமதி இல்ல, கேட்டியா!"

இனி தப்ப வழியில்லை. வியாழக்கிழமை மத்தியானம் தேவகுமார் கடையை அடைத்துவிட்டுத் தனியாகப் போனார். கைக்குட்டையை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டார். முதல் வெட்டுக்கு வேர்த்துக் கொட்டியது. அடுத்ததற்குக் காதடைத்தது. இடைவேளையில் கேன்டீன்காரன் சோடாவை முகத்தில் அடித்து எழுப்பி, "வீட்டுக்குப் போங்க சார்" என்றான்.

"எனக்க மோளுக்காக வந்தேன்டே. பாதியில போக முடியாது" என்று சுவரைப் பிடித்துக்கொண்டே மறுபடி உள்ளே போனார்.

கடைசி வரை பார்த்தார். கடைசிச் சண்டையில் வில்லன் மாவுச் சாக்கில் தலைகுப்புற விழுந்தபோது அவரே வாய்விட்டுச் சிரித்தார். தியேட்டரை விட்டு வெளியே வந்தபோது நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை பிள்ளைகளும் கமிட்டியும் நிறைந்த கூட்டத்தில் ஒவ்வொரு வெட்டையும் கையை வீசி வீசி விவரித்தார்.

"அதுக்கப்புறம் மார்க்கெட் சண்டை..."

"இல்லலே! மார்க்கெட்டுக்கு முன்ன பஸ் சண்டை உண்டு" என்றார் சத்தியராஜ்.

கூட்டம் அப்படியே திரும்பி மூப்பரைப் பார்த்தது. மூப்பர் தொண்டையைச் செருமினார். பிள்ளைகள் விசிலடித்தார்கள். அதற்குமேல் மறுப்பதற்குக் கமிட்டியில் யாருக்கும் முகம் இல்லை.

"வெட்டு உண்டு, சோர உண்டு. எல்லாம் வெறும் பொய்" என்று முடித்தார் தேவகுமார். "நம்ம பிள்ளைகளுக்கு அது தெரியும். தைரியமா போயிட்டு வரட்டு!"

அனுமதி கிடைத்தது. தேவகுமார் பைக்கைக் கிளப்பினார். ஜெஸ்னா பின்னால் ஏறினாள்.

"என்ன மக்களே, சந்தோஷம்தானே? நாளைக்குப் போயிட்டு வா."

பின்னாலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஒங்களப்போல எனக்கும் சோர கண்டா தல சுத்தும்ப்பா. நீங்க எப்பிடியும் வேண்டாம்னு சொல்லுவீங்கன்னு நம்பித்தான் நான் ஒங்க பேர குடுத்தேன்!"