ஞானதாஸ் கேட்ட முன்ஜாமீன்

ஞானதாஸ் செய்த குற்றம் மாமல்லபுரம் கடலுக்குள் கிடந்தது. கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்று மீனுக்குத்தான் தெரியும்.

குற்றம் இதுதான். மனைவி ஜெசிந்தாவின் டிரான்சிஸ்டர் ரேடியோவை அவளுக்குத் தெரியாமல் கடற்கரைக்கு எடுத்துப்போனான். மணலில் வைத்துவிட்டுக் கால் நனைக்கப் போனான். சிற்றலை பாடிக்கொண்டிருந்தது. பேரலை வந்தது. அவ்வளவுதான்.

இப்போது, வீட்டிலேயே விட்டுப்போயிருந்த ரேடியோவின் தோல் உறைக்குள் ஒரு செங்கல் பாடாமல் உட்கார்ந்திருந்தது. "செல்லு தீந்துபோச்சு" என்று சொல்லி வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை அவள் அண்ணன் ஏசுபாதம் புது செல்லோடு வருகிறானாம். கல்பாக்கத்தில் வேலை கிடைத்ததும் தங்கச்சிக்கு அந்த ரேடியோவை வாங்கிக் கொடுத்தவனே அவன்தான்.

ரேடியோவுக்காக மச்சான் அடிக்க மாட்டான். சிரிப்பான். ஏசுபாதத்துக்கு ஒன்று தெரிந்தால் கல்பாக்கம் பஸ் முழுக்கத் தெரியும். போன வருஷம் ஞானதாஸ் ஒரு நாய்க்குப் பயந்து சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினான். புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீன்காரம்மா இன்றைக்கும் அவனைப் பார்த்தால் குரைத்துக் காட்டுகிறாள்.

மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் மூளையில் ஒரு யோசனை இறங்கியது. அவன் செங்கல்பட்டில் வக்கீல் வாசுதேவனிடம் குமாஸ்தா. அது எழுபத்துநாலாம் வருஷம். முன்ஜாமீன் என்று புதுசாக ஒன்று சட்டத்தில் வந்திருந்தது. பிடிப்பதற்கு முன்னாலேயே ஜாமீன். கோர்ட்டுக்குப் பொருந்துவது வீட்டுக்குப் பொருந்தாதா என்ன?

"ஜெசி, எனக்கு ஒரு முன்ஜாமீன் வேணும்."

மீன் அலசிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "மத்தி கீது, நெத்திலி கீது. ஜாமீனு இன்னா மீனு?"

"வெளையாடாத மே. நான் ஒரு தப்பு பண்ணியிருந்தா நீ என்னப் புடிக்கக் கூடாது. அதுக்கு முன்கூட்டியே உத்தரவு."

"இன்னா தப்பு?"

"பண்ணேன்னு சொல்லல. பண்ணியிருந்தா."

"பண்ணாத தப்புக்கு இன்னாத்துக்குய்யா இப்டி வேக்குது?"

ஞானதாஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "திட்டக் கூடாது. உங்கண்ணன்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாது. கர்த்தர் மேல சத்தியம் பண்ணு."

"திட்டல. அண்ணன்கிட்ட சொல்லல. சத்தியம். இப்ப சொல்லு."

சொன்னான். செங்கல் உட்பட.

அவள் எழுந்து போய் உறையைத் திறந்தாள். செங்கல்லைப் பார்த்தாள். மூடினாள். ஒரு சொல் திட்டவில்லை.

"அப்ப நான் போயி படுக்கட்டுமா?"

"ஒக்காரு. ஜாமீனுதான் குடுத்தேன், விடுதலையா குடுத்தேன்? குமாஸ்தா பொண்டாட்டிக்கு இதுகூடவா தெரியாது? இனிமேதான் விசாரணை."

"குற்ற மனசு இல்லாம குற்றமே இல்ல ஜெசி. சட்டத்துக்கு அஸ்திவாரமே அதான். என் மனசு சுத்தம். எல்லாம் அலை பண்ணது."

"சரி. ரேடியோவ எடுத்துகினு போனது அலை. செங்கல்ல வச்சது எந்த அலை?"

"அது தடயத்த மறைக்கிறது. அதுக்குத் தனி செக்ஷன்" என்றான். வாய் தவறி வந்துவிட்டது.

"அதுவும் கீதா? அப்ப ரெண்டு கேஸு."

ஞானதாஸ் கடைசி அம்பை எடுத்தான். "ஆனா இப்ப நான் சொன்னது எதுவும் செல்லாது. புடிக்கிற போலீஸ்கிட்ட குடுத்த வாக்குமூலம் கோர்ட்டுல நிக்காது. மாஜிஸ்திரேட் முன்னாடி, யாரும் மெரட்டாம, தானா மனசு வந்து சொன்னாத்தான் செல்லும். எங்க வக்கீலையே கேட்டுப் பாரு."

அவள் கையைக் கழுவினாள். யோசித்தாள். "நெசமாவா?"

"நெசமா." நாலு நாளுக்குப் பிறகு அவனுக்கு மூச்சு நேராக வந்தது.

"அப்ப சரி. நான் சத்தியம் பண்ணிட்டேன், வாயே தொறக்க மாட்டேன். ஞாயித்துக்கெழம அண்ணன் வரட்டும். யாரும் மெரட்டல, அவன் முன்னாடி நீயே தானா சொல்லிடு. செல்லும்."