ராஜா முழுசு, நரி நாலு துண்டு

ஒரு காட்டுல ஒரு பச்சோந்தி இருந்தா, பேரு மரகதம். காடுன்னதும் பெருசா நெனச்சுக்காதீங்க. இந்தப் பக்கம் செல்போன் டவர், அந்தப் பக்கம் பைபாஸ் ரோடு, நடுவுல மிச்சம் மீதி இருந்த காடு. மரகதத்துக்கு வேலை என்னன்னா, கிஃப்ட் பேப்பருக்குப் படம் போட்டுத் தர்றது. பூவு, பலூனு, நட்சத்திரம்னு எல்லாம் போடுவா. கம்ப்யூட்டர்லதான் வரைவா, ஆனா கலரை மட்டும் தன் முதுகுல வரவெச்சுக் காட்டுவா. "இன்னும் கொஞ்சம் ரோஸ் வேணும்"னா அங்கயே ரோஸாயிடுவா. ஒருதரம் மயிலு வந்து ஜிகினா கேட்டுச்சு. முக்கி முக்கிப் பாத்து பாவம், காய்ச்சலே வந்துடுச்சு அவளுக்கு. அது கெடக்கட்டும்.

அந்தக் காட்டு சிங்க ராஜா, தன் ரெண்டாவது புள்ளைக்குக் காதுகுத்து வெச்சாரு. மூத்தவன் காதுகுத்துல ஒரு அவமானம் நடந்துபோச்சு. கரடி வீட்டுப் பெட்டியில 'புதுமனை புகுவிழா வாழ்த்துகள்'னு பேப்பர் சுத்தி வந்துடுச்சு. உள்ள சுவர்க்கடிகாரம். பிரிக்கவே வேணாம், காதுல வெச்சாலே டிக்டிக்னு கேக்கும். அது காட்டுப்பன்னி எப்பவோ குரங்கு வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் குடுத்தது. குரங்கு மானுக்குக் குடுத்து, மானு கரடிக்குக் குடுத்து, கரடி ராஜாவுக்குக் குடுத்து, ராணி அதைப் பிரிக்காமலே காட்டுப்பன்னி வீட்டு வளைகாப்புக்கு அனுப்பிட்டா. பன்னி பேப்பரைப் பாத்துட்டு அப்படி அழுதுச்சாம்.

அதனால ராஜா இந்தத் தரம் உஷாராயிட்டாரு. "யாரு என்ன கொண்டாந்தாலும் என் மூஞ்சி போட்ட பேப்பர்லதான் சுத்திக் கொண்டாரணும்"னு சொல்லிட்டு, மேற்பார்வைக்கு நரி மந்திரியைப் போட்டாரு. மரகதத்தைக் கூப்பிட்டு விட்டாரு.

"இங்க பாரு. என் மூஞ்சி எங்கயும் வெட்டுப்படக் கூடாது. பட்டுச்சு, அன்னிக்கு மத்தியானம் எனக்கு நீதான் சாப்பாடு."

"பச்சோந்தி ருசியாவே இருக்காதுங்க மகாராஜா."

"தொட்டுக்க வெச்சுக்கறேன்."

இப்ப கிஃப்ட் பேப்பர் படம்னா முழு ரோலுக்கும் யாரும் வரைய மாட்டாங்க. ஒரே ஒரு சதுரம்தான் வரைவாங்க. மிஷின் அதையே பக்கத்துல பக்கத்துல வெச்சு அடிச்சுக்கிட்டே போகும். வலது ஓரத்துல பாதிப் பூ வெளிய போனா, மீதிப் பாதி இடது ஓரத்துல உள்ள வரணும். மேல போனது கீழ வரணும். அப்பத்தான் ஒட்டு தெரியாது. எங்க வீட்டு பாத்ரூம்ல டைல்ஸ் ஒட்டினவன் இது தெரியாம ஒரு மீனுக்கு ரெண்டு பக்கமும் வாலை வெச்சுட்டுப் போயிட்டான். அது எந்தப் பக்கம் நீந்தும்னு தெனம் குளிக்கறப்ப எனக்கு அதே யோசனை.

மரகதம் கெட்டிக்காரி. நடுவுல ஒரு ராஜா வெச்சா. நாலு மூலையிலயும் கால்வாசி கால்வாசி ராஜா வெச்சா. அடிச்சு வரும்போது மூலையில இருக்கற நாலு கால்வாசியும் சேந்து இன்னொரு முழு ராஜாவாயிடும். வரிசையா நிக்க வெச்சா போலீஸ் அணிவகுப்பு மாதிரி இருக்குமே, மாத்தி மாத்தி வெச்சாத்தானே கண்ணுக்கு அழகு? ஆனா அவ கொண்டுபோய்க் காட்டினது அந்த ஒத்தைச் சதுரத்தை.

நரி எட்டிப் பாத்தாரு. "மேல ரெண்டு மூலையில தாடை, கீழ ரெண்டு மூலையில காது! மகாராஜா, உங்களை நாலா வெட்டி, தலைகீழா வேற மாட்டியிருக்கா!"

ராஜா போட்ட சத்தத்துல டவர்ல சிக்னல் போயிடுச்சு.

"பக்கத்துல இன்னொரு சதுரம் வெச்சா சேந்துக்குங்க மகாராஜா" அப்படின்னா மரகதம். உடம்பு வெள்ளை வெளேர்னு ஆயிடுச்சு.

நரி விடல. "ராஜாவுக்குக் காது வேணும்னா பக்கத்து வீட்டுல போய் வாங்கிட்டு வரணுமா?"

"மூலையில இருக்கற ராஜாவை எடுத்துடறேங்க."

"என்னையே எடுப்பியா?"ன்னு ராஜா எந்திரிச்சாரு.

"ஐயோ, நீங்க நடுவுல மட்டும் முழுசா இருங்கன்னேன்!"

சரின்னு அதுக்கு ஒத்துக்கிட்டாரு. நடுவுல ஒரே ராஜா, மூலையெல்லாம் காலி. மரகதத்துக்கு வயித்தெரிச்சல்தான். நல்லா வந்த படமாச்சே. உசுரு இருந்தா வேற படம் போட்டுக்கலாம்னு வீட்டுக்கு வந்தா, பின்னாடியே நரி வந்து நின்னாரு.

"மரகதம், அந்த மூலை வெறிச்சோன்னு இருக்கேம்மா."

"ஒரு நட்சத்திரம் போட்டுடறேன் அண்ணே."

"நட்சத்திரம் இந்த ராஜ்ஜியத்துக்கு என்ன செஞ்சுது? ஓடி ஓடி உழைக்கறவன் நானு. சின்னதா என் மூஞ்சியைப் போடேன்."

"மூலையில போட்டா நாலா வெட்டுப்படுவீங்களே அண்ணே."

"அதான் சேந்துக்கும்ல? நீதானே சொன்ன!"

"அங்க சேராதுன்னீங்க."

"அங்க மகாராஜா பக்கத்துல இருந்தாரு."

போட்டுட்டா. காட்டெருமை பொன்னுரங்கம் பிரஸ்ல ரோல் ரோலா அடிச்சு வந்துச்சு. அவர் சம்சாரம் அந்த மிஷின் சத்தம் தாங்காம தாய்வீட்டுக்குப் போனவ, அங்க பக்கத்துலயே ரைஸ் மில்லாம், திரும்பி வந்துட்டா. சரி, பேப்பருக்கு வர்றேன். பேப்பர் வாங்க வரிசை கட்டி நின்னுச்சுங்க. அந்த நேரம் பாத்து ராஜா இன்னொரு தண்டோரா போட்டாரு: பேப்பர்ல ராஜா மூஞ்சி எங்க வெட்டுப்பட்டாலும், கிழிஞ்சாலும், மடங்கினாலும் மொதல்ல மரகதம், அப்பறம் அதைச் சுத்திக் கொண்டுவந்தவங்க.

முயல் அழுதுக்கிட்டே ஓடி வந்தா. "அக்கா, பெட்டி மேல சுத்தினா ராஜா மூக்கு மடங்குதே! பேசாம உடம்பு சரியில்லன்னு சொல்லி வராம இருந்துடட்டுமா?"

"வரலன்னா மட்டும் விட்டுடுவாரா?"ன்ன மரகதம் பேப்பரைத் தரையில விரிச்சுப் பாத்தா. பாத்துக்கிட்டே இருந்தா. மெல்ல பச்சைக் கலர் திரும்பி வந்துச்சு. "ஏ முயலு, ஒரு ராஜாவுக்கும் அடுத்த ராஜாவுக்கும் நடுவுல நேரா ஒரு கோடு போகுதா? அதுல யாரு இருக்கா?"

"மந்திரி."

"வெட்டறது, மடிக்கறது, டேப்பு ஒட்டறது, எல்லாம் அவர் மேல வெச்சுக்கோ."

"கோச்சுக்க மாட்டாரா?"

"அவர் மூஞ்சியைப் பத்தித் தண்டோராவுல ஒண்ணும் சொல்லலியே."

முயல் வரிசை பூராவும் போய்ச் சொல்லிட்டா.

காதுகுத்து அன்னிக்கு தாய்மாமன் புலி வர லேட்டு. போன விசேஷத்துல பந்தியில எலும்பா வெச்சுட்டாங்கன்னு கோவம். நாலு பேரு போய்க் கூட்டிட்டு வந்தாங்க. மாமன் மடியில உக்காத்தி வெச்சுக் குத்தினா, குட்டி போட்ட கூச்சல் இருக்கே! அழுகையை நிறுத்த, மொதல்ல கையில கெடச்ச பெட்டியைக் குடுத்துட்டாங்க. கரடி வீட்டுப் பெட்டி. டிக்டிக்னு கேட்டுச்சு.

குட்டி டேப்பைப் பிடிச்சு இழுத்துச்சு. மரகதம் ஒரு கண்ணை ராஜா மேலயும் ஒரு கண்ணைப் பேப்பர் மேலயும் வெச்சா.

சர்ர்ர்னு கிழிஞ்சுது. நரி மூக்கு வழியா நேரா.

ராஜா பேப்பரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. எல்லா ராஜாவும் முழுசா இருந்தாரு. "என் மேலதான் எவ்வளவு மரியாதை!"ன்னு கண்ணு கலங்கிட்டாரு. அடுத்த பெட்டி, நரி காது. அதுக்கடுத்தது, நரி தாடை. கிழிக்கக் கிழிக்கக் கூட்டத்துல கைதட்டல்.

"மகாராஜா, என்னைப் போட்டுக் கிழிக்கறாங்களே..."

"நல்ல பேப்பர்யா மந்திரி. வருஷா வருஷம் இதையே அடிக்கச் சொல்லு."

மறுநாள் விடிஞ்சதும் மரகதம் வீட்டு மரத்தடியில ஒரே கூட்டம். கரடி, மயிலு, முயலு எல்லாம் நிக்கறாங்க.

"அக்கா, அடுத்த தரம் அந்த மூலையில என் மூஞ்சியைப் போடேன்"ன்னா முயல்.

"ஏன்டி, நேத்து மந்திரி மூக்கு மேல டேப்பு ஒட்டினதே நீதானே?"

"ஒட்டினேன்தான். அப்பறம் பாத்தா, ராஜாவுக்கு எவ்வளவு பக்கத்துல இருக்காரு!"

மரகதம் வரிசையோட முன்னாடி எட்டிப் பாத்தா. மொதல் ஆளா நின்னது நரி. "என் இடத்தை வேற யாருக்கும் குடுத்துடாதம்மா"ன்னு கேட்டுக்க விடியறதுக்கு முன்னாடியே வந்துட்டாராம்.

நீதி: பெரிய ஆளை முழுசா நடுவுல வெச்சுட்டா, கத்திரியை யார் மேல வேணும்னாலும் ஓட்டலாம். அந்த இடத்துக்கும் வரிசை நிக்கும்.