ஒரு பல் தள்ளி

மேடு பாதி ஏறிய இடத்தில் கார் மூச்சு வாங்கியது. நர்ஸ் ஆக்ஸிலரேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்தாள். சத்தம் கூடியது, வேகம் குறைந்தது. பின்னால் சைக்கிளில் வந்தவர் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டே காரைத் தாண்டிப் போனார். போகிறபோக்கில் உள்ளே எட்டிப் பார்த்து, ஐயோ பாவம் என்பதுபோல் உச்சுக்கொட்டிவிட்டும் போனார்.

"நான் ஏதாவது தப்பாப் பண்றேனாக்கா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"நீ சரியாத்தான் பண்றே. இதுக்குத்தான் என்னமோ ஆயிருக்கு," என்றாள் பிரேக் அக்கா.

பிரேக் அக்கா ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவள். பள்ளி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மேஜை, ஒரு பெயர்ப்பலகை, ஒரு கார், அவ்வளவுதான். பயிற்சிக் கார் என்பதால் பக்கத்து சீட்டுக்கு முன்னாலும் ஒரு பிரேக் உண்டு. அதில் கால் வைத்து வைத்தே அவளுக்கு அந்தப் பெயர் வந்தது. வீட்டில் டிவி பார்க்கும்போதுகூட, எவனாவது கண்மண் தெரியாமல் வண்டியைத் திருப்பினால் அவள் கால் தரையை அழுத்தும். சோபாவுக்கு முன்னால் ஒரு டைல்ஸ் மட்டும் தேய்ந்திருப்பதாக அவள் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார்.

இன்னொரு குணமும் அவளுக்கு உண்டு. ஏன், எதற்கு என்று தெரியாவிட்டால் தூக்கம் வராது. எதிர்வீட்டு நாய் ஏன் செவ்வாய்க்கிழமை மட்டும் குரைக்கிறது என்று கண்டுபிடிப்பதற்காக வாரக்கணக்கில் மாடியில் நின்றவள். கண்டும் பிடித்தாள். அது வேறு கதை.

இப்போது அவளைக் குடைந்தது இதுதான்: போன வாரம் வரை சும்மா பறந்த கார் இந்த வாரம் ஏன் இப்படி முக்குகிறது? நடுவில் நடந்தது ஒன்றே ஒன்று, டைமிங் பெல்ட் மாற்றியது. எஞ்சினில் மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம். இரண்டும் தாளம் தப்பாமல் சேர்ந்து சுற்ற வேண்டும். அதற்காக இரண்டையும் இணைத்து ஓடுகிற, பல் வைத்த பெல்ட் அது. அறுந்தால் எஞ்சின் கதை கந்தல். பழசாகிவிட்டதே, டெஸ்ட் நேரத்தில் அறுந்து தொலைத்தால் என்ன செய்வது என்று முன்ஜாக்கிரதையாக மாற்றினாள். அந்த முன்ஜாக்கிரதைதான் வினையாகிவிட்டது.

டெஸ்ட் நர்ஸுக்கு. நடமாடும் மருத்துவ வேனில் அவளுக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. வேனை அவளே ஓட்டிக்கொண்டு போய், அவளே ஊசியும் போட வேண்டும். திங்கட்கிழமை லைசன்ஸோடு வந்தால் வேலை அவளுக்கு, இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்கு. டெஸ்ட் வெள்ளிக்கிழமை. மைதானத்தில் ஒரு மேடு இருக்கிறது. பாதி மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுத்து ஏற வேண்டும். போன தடவை அவள் தோற்றது அந்த மேட்டில்தான். அப்போது தப்பு அவள் மேல். இப்போது அவள் தேறிவிட்டாள், கார் தேறவில்லை.

கராஜ், டெஸ்ட் மைதானத்துக்கு அடுத்த தெருவில் இருந்தது. மெக்கானிக்கை எல்லோரும் காதுக்காரர் என்பார்கள். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பார். கேட்டுவிட்டு வியாதியைச் சொல்வார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அன்றும் கேட்டார். முகம் மலர்ந்தது.

"தாலாட்டு மாதிரி ஓடுதேம்மா. இதுல என்ன குறை?"

"நிக்கும்போது நல்லாத்தான் ஓடுது. ஏறும்போதுதான் இழுக்க மாட்டேங்குது. ஒரு தடவை நீங்களே மேட்டுல ஓட்டிப் பாருங்களேன்."

காதுக்காரர் கூரையைப் பார்த்தார். பிறகு, காலையில் கண்ணுக்கு மருந்து விட்டிருப்பதாகவும், இன்று முழுக்க வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். சொல்லி முடித்ததும், தரையில் தூரத்தில் கிடந்த கடுகளவு ஸ்குரூ ஒன்றை நின்ற இடத்திலிருந்தே பார்த்து, போய் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அக்கா அதையும் கவனித்தாள்.

அவர் செய்ததெல்லாம், சும்மா நிற்கும்போதே எஞ்சின் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றும்படி ஒரு திருகைத் திருகிவிட்டதுதான். இனி மேடென்ன, மலையே ஏறும் என்று அனுப்பி வைத்தார்.

அடுத்த சிக்னலில் நர்ஸ் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாள். கார் அதைக் கண்டுகொள்ளாமல் தன் பாட்டுக்கு முன்னால் போனது. எதிரே ஐஸ்கிரீம்காரர் தள்ளுவண்டியோடு சாலையைக் கடந்துகொண்டிருந்தார். நர்ஸும் அக்காவும் ஆளுக்கொரு பிரேக்கை மிதித்ததில், அவர் வேட்டியில் பம்பர் உரசுகிற தூரத்தில் கார் நின்றது. நர்ஸ் இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டாள். கையோடு அவர் நாடியையும் பிடித்துப் பார்த்து, பதற்றம் தணிகிறவரை உட்காரச் சொன்னாள். அவர் உட்கார்ந்து தன் ஐஸ்கிரீமில் ஒன்றைத் தானே தின்றார்.

மேட்டில் மட்டும் மாற்றம் இல்லை. முன்பு முனகலோடு நின்ற கார் இப்போது ஊரைக் கூட்டிவிட்டு நின்றது.

புதன்கிழமை மறுபடி கராஜ். அக்கா வாயைத் திறப்பதற்குள் காதுக்காரர் தன் வலது முழங்காலைத் தடவ ஆரம்பித்துவிட்டார். நேற்று ராத்திரியிலிருந்து மடக்க முடியவில்லையாம். ஓட்ட வேண்டாம், பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் போதும், என்ன கோளாறு என்று உங்கள் காதாலேயே கேட்டுக்கொள்ளுங்கள் என்றாள் அக்கா. மறுக்க வழியில்லாமல் ஏறினார். அக்கா ஓட்டினாள். ஒருவேளை கார் பின்னால் உருண்டால் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க, நர்ஸ் கையில் ஒரு கல்லோடு பின்னால் நடந்து வந்தாள்.

காதுக்காரர் கதவுக்கு மேலே இருந்த பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். முதல் திருப்பத்திலேயே கண்ணை மூடிக்கொண்டார். உன்னிப்பாகக் கேட்கிறார் போல என்று அக்கா பேசாமல் இருந்தாள். மேடு வந்தது. கார் இதுவரை நின்ற இடத்துக்கும் ரொம்ப முன்னாலேயே, ஆணி அடித்ததுபோல் நின்றுவிட்டது.

"கிளட்ச்," என்றார் காதுக்காரர், வேர்வையைத் துடைத்துக்கொண்டே.

கராஜுக்குத் திரும்பியதும் கிளட்ச்சை இறுக்கினார். அவர் கை கழுவப் போன பிறகுதான் நர்ஸ் மெதுவாக வாயைத் திறந்தாள்.

"அக்கா, மேட்டுல ஏறும்போது எதுக்கு பிரேக் போட்டுக்கிட்டே வந்தீங்க?"

"நானா? நான் எங்க போட்டேன்?"

"பின்னாடி சிவப்பு லைட் அணையவே இல்லையே."

அக்காவுக்கு உறைத்தது. காதுக்காரர் உட்கார்ந்திருந்தது அவளுடைய சீட்டில். காலுக்கடியில் இருந்தது அவளுடைய பிரேக். மனிதர் மடக்க முடியாத முழங்காலோடு சேர்த்து இரண்டு காலாலும் அதை மிதித்துக்கொண்டே வந்திருக்கிறார். இதை முன்னாலேயே சொல்வதற்கென்ன என்று அக்கா கேட்டதற்கு, பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் எப்படிப் பேசுவது என்றாள் நர்ஸ். ஊசி போடும்போது மட்டும் இந்த மரியாதையெல்லாம் பார்க்கிறவள் இல்லை அவள்.

ஒழுங்காக இருந்த கிளட்ச்சும் இப்போது போயிற்று. நர்ஸ் அதை விட்ட மாத்திரத்தில் கார் குதித்தது. தெரு முழுக்கத் தவளை மாதிரி குதித்துக் குதித்து வீடு வந்து சேர்ந்தார்கள். நர்ஸ் இறங்கியதும் முதல் முறையாக அழுதாள். வேலை கிடைத்த செய்தியை அம்மாவிடம் சொல்லிவிட்டாளாம், அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டாளாம்.

வேறு கராஜுக்குப் போயேன் என்றார் கணவர். போகாமல் இருப்பாளா? போனாள். அடுத்தவர் கைவைத்த பெல்ட்டை நாங்கள் தொடுவதில்லை, நாளைக்கு எது நடந்தாலும் எங்கள் தலையில் விடியும் என்று போன இடத்திலெல்லாம் கையை விரித்துவிட்டார்கள்.

அன்று அவளுக்கு டிவியும் ஓடவில்லை, டைல்ஸும் தேயவில்லை. கார் ஏன் ஏறவில்லை என்பதைவிடப் பெரிய கேள்வி ஒன்று முளைத்திருந்தது. இந்த மனிதர் ஏன் ஸ்டீயரிங்கைத் தொடவே மாட்டேன் என்கிறார்? ஏன் அப்படி நடுங்கினார்?

"இதுல என்ன யோசனை?" என்றார் கணவர். "அவர் மாட்டின பெல்ட் மேல அவருக்கே நம்பிக்கை இல்ல. எந்த நேரமும் அறுந்துரும்னு தெரிஞ்சிருக்கு. அதான் உயிருக்குப் பயப்படறாரு."

அவர் சொல்கிற எதுவும் சாதாரணமாக அவளுக்குச் சரியாகப் படாது. இது பட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா காரைக் கொண்டுபோய்க் கராஜ் வாசலில் நிறுத்திவிட்டு, ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்தாள். பக்கத்து டயர் கடைக்காரர், காதுக்காரருக்கு நெடுநாள் சிநேகிதர், ஓடி வந்து அழுக்கில்லாத டயராக ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். கொடுத்துவிட்டு ஏதோ சொல்ல வந்தவர்போலத் தொண்டையைச் செருமினார். காதுக்காரர் ஒரு முறை முறைத்தார். டயர் கடைக்காரர் வந்ததை விழுங்கிவிட்டு நகர்ந்தார். பெல்ட் விஷயம் இவருக்கும் தெரிந்திருக்கிறது என்று அக்கா மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

"நீங்க மாட்டின பெல்ட்டு. நீங்க ஓட்டிக் காட்டுங்க," என்றாள். "இல்லன்னா ஏன் ஓட்ட மாட்டேங்கறீங்கன்னு சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு நடக்காம நான் எந்திரிக்கப் போறதில்ல. அந்தப் பொண்ணோட பொழப்பு நாளைக்கு இந்த வண்டில இருக்கு."

காதுக்காரர் விறுவிறுவென்று நடந்து போய் ஸ்பேனரை எடுத்து வந்தார். கண்ணும் வலிக்கவில்லை, காலும் வலிக்கவில்லை போலிருந்தது.

"மூணாவதா ஒண்ணு பண்றேம்மா. மூடியக் கழட்டிப் பாத்துடறேன்."

கழற்றினார். டார்ச் அடித்தார். அக்காவும் தலையை நீட்டினாள். இரண்டு சக்கரத்திலும் சின்னதாகக் கோடு வெட்டியிருந்தது. கீழே இருந்த கோடு தன் இடத்தில் நேராக நின்றது. மேலே இருந்த கோடு தன் இடத்தை விட்டு ஒரு நூல் விலகி நின்றது. காதுக்காரர் துணியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். துடைத்தால் நேராகிவிடுமா என்ன.

"ஒரு பல் தள்ளி நிக்குதும்மா," என்றார். "பெல்ட்டை இறுக்கும்போது நழுவியிருக்கு. இறுக்கினப்புறம் கையால சுத்தி ஒரு தடவை பாத்திருக்கணும். பாக்கல. என் தப்புதான்."

"இத்தனை நாளா உங்க காதுக்கு இது கேக்கலையா?"

"நிக்கும்போது காட்டாதும்மா. மேட்டுல இழுக்கும்போதுதான் காட்டும்."

"அப்ப ஓட்டிப் பாத்திருந்தா முத நாளே தெரிஞ்சிருக்குமே?"

அவர் தலை எஞ்சினுக்குள் போய்விட்டது. பெல்ட் புதுசுதான், நல்லதுதான், அறுந்துவிடும் என்ற பயமெல்லாம் வேண்டாம் என்று உள்ளேயிருந்தே சத்தியம் செய்தார். கிளட்ச்சையும் அந்தத் திருகையும் பழையபடி வைத்துவிடுவதாகச் சொன்னார். எல்லாம் முடியக் காலை ஆகிவிடும். அக்கா விடிந்ததும் நர்ஸோடு மைதானத்தில் வரிசையில் நின்றாக வேண்டும், நகர்ந்தால் இடம் போய்விடும். அடுத்த தெருதானே, காரைக் கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு என்றார் காதுக்காரர்.

"நீங்களேவா?"

"நானேதான்."

வெள்ளிக்கிழமை வரிசை மளமளவென்று நகர்ந்தது. அதிகாரி நல்ல தூக்கம் தூங்கி எழுந்தவர்போலச் சுறுசுறுப்பாக இருந்தார். நர்ஸுக்கு முன்னால் நின்றவரைக் கூப்பிட்டாகிவிட்டது. அக்கா கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கால் மட்டும் தானாகத் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

கார் வந்தது. சத்தமே இல்லாமல் வந்தது.

காதுக்காரர் கதவோரம் நின்று, ஜன்னல் வழியாக ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். பின்னால் டயர் கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு தள்ளிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் சட்டையையும் பிழிந்தால் ஒரு வாளி தேறும்.

அக்கா முடிவே கட்டிவிட்டாள். ராத்திரி முழுக்க நோண்டி, எஞ்சினை ஒரேயடியாகக் கொன்றுவிட்டார் மனிதர். பெல்ட் அறுந்தே போயிருக்கும். அவர் சத்தியம் செய்ததை நம்பினோமே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. பக்கத்தில் நர்ஸ், "பரவாயில்லக்கா, விடுங்க," என்றாள்.

அதிகாரி காரைச் சுற்றிப் பார்த்தார்.

"இது ஓடுமா, இல்ல நானும் இறங்கித் தள்ளணுமா?"

நர்ஸ் போய் உட்கார்ந்தாள். உயிர் இருக்கிறதா என்று பார்க்கிறவள்போலச் சாவியை லேசாகத் திருப்பினாள்.

தொட்டவுடன் எஞ்சின் பிடித்துக்கொண்டது. குலுக்கல் இல்லை, உறுமல் இல்லை, குதிக்கவில்லை. கார் மேட்டில் பாதி ஏறி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. நர்ஸ் கிளட்ச்சை நிதானமாக விட்டாள். ஒரு விரற்கடைகூடப் பின்னால் உருளாமல் கார் எடுத்து, சொகுசாக ஏறி, அந்தப் பக்கம் இறங்கியது. அதிகாரி கையெழுத்துப் போட்டார். நர்ஸ் ஓடி வந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள், அக்காவும் அழுதாள்.

அழுது முடித்ததும் அவள் குணம் தலைதூக்கியது. நேராகக் காதுக்காரரிடம் போனாள்.

"எஞ்சின் இவ்வளவு நல்லா இருக்கு. பெட்ரோலும் இருக்கு. அப்புறம் எதுக்கு இத்தனை தூரம் தள்ளிக்கிட்டு வந்தீங்க?"

காதுக்காரர் வானத்தைப் பார்த்தார். மேகம் கறுத்திருக்கிறது, மழை வரும்போல என்றார். மேகமே இல்லை.

தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த டயர் கடைக்காரரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"வண்டில ஒரு குறையும் இல்லம்மா. இவருக்குத்தான் ஓட்டத் தெரியாது."