பறந்தால் மணிக்கணக்கு, நின்றால் வருஷக்கணக்கு

அந்த போல்ட், பல் டாக்டரின் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. மெக்கானிக் அதை உள்ளங்கையில் வைத்து, பிறந்த குழந்தையைக் காட்டுவதுபோல் காட்டினார்.

"இது ஒண்ணு மாத்தணும் டாக்டர்."

"மாத்திடலாமே. என்ன விலை?"

மெக்கானிக் சொன்னார். டாக்டர் காதைக் குடைந்துகொண்டு மறுபடி கேட்டார். விலை மாறவில்லை.

"அந்தக் காசுக்கு என் கிளினிக்குக்கு ஒரு நாற்காலியே வாங்கலாம்ப்பா. ஏறும், இறங்கும், சாயும்."

"பறக்காதே" என்றார் மெக்கானிக்.

டாக்டர் வாயடைத்து நின்றார். அடுத்தவர் வாயைத் திறக்கவைத்தே முப்பது வருஷம் பிழைத்தவருக்கு இது புதிது.

அவருக்குப் பிறவியிலேயே ஒரு வியாதி உண்டு. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாவிட்டால் சாப்பாடு இறங்காது. கல்யாணமான புதிதில் மாமனார் கொடுத்த சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பார்த்து, திரும்பப் பூட்டினார். ஒரு திருகாணி மிச்சமாகிவிட்டது. கடிகாரம் நாலு பத்தில் நின்றது. இன்றும் அங்கேதான் நிற்கிறது. மனைவி அதைச் சுவரிலிருந்து இறக்க விடவில்லை, ஆதாரமாக இருக்கட்டும் என்று.

அப்படிப்பட்டவர் கண்ணில் மூன்று மாதம் முன்பு ஒரு விளம்பரம் பட்டது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள வந்தவர் மறந்து வைத்துவிட்டுப் போன பத்திரிகை. 'பழைய ஹெலிகாப்டர், இரண்டு இருக்கை, ஒரு காரின் விலையில்.'

தரகருக்குப் போன் போட்டார். "இவ்வளவு மலிவா ஏன் விக்கறாங்க?"

"பார்ட்டிக்கு அவசரம் சார். பேர் வெளியில வரக்கூடாதுன்னு கண்டிஷன். அதனால காகிதமெல்லாம் என் கம்பெனி பேர்ல மாத்தித்தான் உங்களுக்குத் தருவேன்."

"வண்டியில ஏதாவது கோளாறா?"

"வண்டியில ஒண்ணும் இல்ல சார். வீட்லதான் ஏதோ."

வீட்டில் ஏதோ என்றால் என்ன என்று டாக்டர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் வாங்கி, அது நின்ற விமானத் திடல் கொட்டகையிலேயே, அதே மெக்கானிக்கின் பொறுப்பில் விட்டுவைத்தார்.

பணம், கடலோர வீட்டுக்காகச் சேர்த்தது. இரண்டே அறை, ஜன்னலைத் திறந்தால் கடல். இருபது வருஷமாக அவரும் மனைவியும் அதற்காகச் சேர்த்து வருகிறார்கள். இல்லாத அந்த ஜன்னலுக்கு மனைவி திரைச்சீலைத் துணிகூட வாங்கி வைத்துவிட்டார். டாக்டரின் திட்டம் சுலபமானது. ஒரு வருஷத்தில் ஹெலிகாப்டரைச் செப்பனிட்டு, இரண்டு மடங்குக்கு விற்று, மூன்று அறை வீடாக வாங்குவது. அதுவரை வீட்டில் மூச்சு விடுவதில்லை.

அந்த வாரம் அவர் பயந்துகொண்டே வீடு திரும்பியபோது கூடத்தில் ஒரு புது சோபா இருந்தது. மனைவி பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நூலகத்தில் எல்லாரையும் உஷ் என்று அடக்கும் வேலை அவருக்கு. வீட்டிலும் அதிகம் சத்தம் வராது.

"ஏது இந்த சோபா?"

"மாமாவோட சாமான் குடோன்ல கிடந்ததே, அதைத் தள்ளிட்டேங்க. அஞ்சு வருஷம் வாடகை கட்டி அழுதது போதும்."

மனைவியின் தாய்மாமன் தூர ஊரில் பூச்சிமருந்து வியாபாரி. சாகும்போது மருமகளுக்கு ஏதோ எழுதிவைத்துவிட்டுப் போனார்.

"பீரோவா?"

"அந்த மாதிரி இடத்தை அடைக்கிற சாமான்தான். யாரோ ஒரு புண்ணியவான் வாங்கிட்டுப் போனார். நல்லா இருக்கட்டும்."

தன் பக்கம் கேள்வி திரும்பவில்லை என்ற நிம்மதியில் டாக்டர் சோபாவில் சாய்ந்தார். சோபா சுகமாக இருந்தது.

போல்ட்டுக்குப் பிறகு டாக்டர் சிக்கனத்தில் இறங்கினார். பறந்தால்தானே தேயும்? பறக்காமல் வைத்துவிட்டால் செலவு நின்றுவிடும். இந்த யோசனையை மெக்கானிக்கிடம் சொன்னபோது அவர் மேலே நீட்டிக்கொண்டிருந்த சுழல் இறக்கையைக் காட்டினார்.

"இதுக்கு ரெண்டாயிரம் மணி நேரம் ஆயுசு."

"எவ்வளவு பறந்திருக்கு?"

"தொள்ளாயிரம். ஒரு காலத்துல வயலுக்கு மருந்து அடிச்சது, அவ்வளவுதான்."

"அப்ப பாதிக்கு மேல பாக்கி இருக்கே."

"ரெண்டாயிரம் மணி நேரம், இல்லேன்னா பன்னிரண்டு வருஷம். எது முதல்ல வருதோ அது."

"இதுக்கு எத்தனை வருஷம் ஆச்சு?"

"பதினோரு வருஷம் பத்து மாசம்."

டாக்டர் இறக்கையை அண்ணாந்து பார்த்தார். அது பளபளவென்று, ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் இருந்தது. பல்லாவது கடித்தால்தான் தேயும், இது சும்மா இருந்தாலும் தேய்கிறது, பல்லே தேவலை.

"பழைய ஓனர் எப்படித்தான் சமாளிச்சாங்க?"

"அவங்க பறந்ததே இல்ல டாக்டர். மாசம் ஒரு தடவை வருவாங்க. அந்த டிரம்முக்குப் பின்னால ஒரு ஸ்டூல் இருக்கு பாருங்க, அதை இழுத்துப் போட்டு உக்காந்து, இதையே பத்து நிமிஷம் முறைச்சுப் பாப்பாங்க. பணத்தைக் குடுப்பாங்க, போயிடுவாங்க."

"ஏன் முறைக்கணும்?"

"நீங்களும் ஒரு வருஷம் வெச்சிருங்க. தெரியும்."

"அவங்களை ஒரு தடவை பாக்கணும்ப்பா" என்றார் டாக்டர். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் இதையே சொன்னார்.

புது இறக்கையின் விலை கிளினிக்கையே விழுங்கும். ஆகவே டாக்டர் மெக்கானிக்குக்குத் தெரியாமல், உடைந்த ஹெலிகாப்டர் ஒன்றிலிருந்து கழற்றிய இறக்கைகளைப் பாதிக்கும் பாதி விலையில் பிடித்துவந்தார். பார்க்க அசல். வருஷாந்தரச் சோதனைக்கு வந்த அதிகாரி அதைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"இதோட அட்டை எங்கே?"

"எந்த அட்டை?"

"எங்கே பிறந்தது, எத்தனை மணி நேரம் பறந்தது, யார் கழட்டினது, எல்லாம் எழுதின அட்டை."

"அது இல்ல சார். ஆனா இறக்கை நல்லா இருக்கு."

"அட்டை இருந்தா இது இறக்கை. இல்லேன்னா துணி காயப்போடலாம்."

அதோடு விடவில்லை. ஜாதகம் இல்லாத சாமான் உள்ளே வந்த கொட்டகையில், மற்ற சாமானையும் முழுக்கச் சோதிக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மெக்கானிக் அதை வாசித்துவிட்டு டாக்டரின் தோளில் கை வைத்தார். மருத்துவமனையில் சொந்தக்காரர்கள் தோளில் வைப்பார்களே, அந்த மாதிரி.

இதற்கெல்லாம் வீட்டில் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. முதலில் கிளினிக்கில் கம்ப்ரஸர் போனது. அடுத்து எக்ஸ்ரே மெஷின் போனது. போவதற்கு வேறு எதுவும் இல்லாமல், கூரை ஒழுகுகிறது என்றார்.

மனைவிக்கு மனசு கேட்கவில்லை. மறுநாளே ஒரு கொத்தனாரை அனுப்பிவிட்டார். கொத்தனார் ஒழுகும் இடத்தைத் தேடினார். கிடைக்கவில்லை. கெட்டிக்காரர் என்பதால் விடாமல் நாலு இடத்தில் கொத்தியும் பார்த்தார். அன்று மாலை மழை பெய்தது.

"நீங்க சொன்னது சரிதாங்க. நல்லாவே ஒழுகுதாம்" என்றார் மனைவி.

பொய்யாக ஒழுகிய கூரைக்கு நிஜப் பணம் கட்டியவர் ஊரில் டாக்டர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

சில நாள் கழித்து, துவைக்க எடுத்த சட்டையை மனைவி மூக்கருகே கொண்டுபோனார். வெகு நேரம் அப்படியே நின்றார்.

"இந்த எண்ணெய் வாடை... எங்கேயோ பழகின வாடை மாதிரி இருக்கே."

"புது மவுத்வாஷ். கம்பெனிக்காரன் சாம்பிள் குடுத்தான்."

"இதை வாயில ஊத்திக்குவாங்களா?"

"துப்பிடுவாங்க" என்றார் டாக்டர்.

மனைவி அதற்கு மேல் கேட்கவில்லை. அடுத்த நாளிலிருந்து டாக்டர் தன் சட்டையைத் தானே துவைத்துக்கொண்டார்.

ஒரு புதன்கிழமை போன் வந்தது. கடலோரத்தில் இரண்டு அறை வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் தர வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் தயார். மனைவி திரைச்சீலைத் துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஓரத்தை நீவியபடி சொன்னார்:

"நாளைக்குப் பேங்க்ல சொல்லி வெச்சிடுங்க. குறையறதுக்கு நானும் கொஞ்சம் வெச்சிருக்கேன். எப்படின்னு கேக்காதீங்க, அப்புறம் சொல்றேன்."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு பத்து. அது மட்டும்தான் அந்த வீட்டில் பொய் சொல்லாமல் நின்றது என்று தோன்றியது.

வியாழக்கிழமை காலை மனைவியை வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

"எங்கே போறோம்?"

"ஒண்ணு காட்டணும். பாத்துட்டு நீ என்ன வேணா சொல்லு. ஆனா நான் சொல்லி முடிச்சப்புறம் சொல்லு."

ஊரைத் தாண்டினார்கள். விமானத் திடலுக்குப் பிரியும் சாலையில், அவர் திருப்புவதற்கு முன்பே மனைவி அந்தப் பக்கம் சாய்ந்தார். டாக்டர் இதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. மனதுக்குள் மன்னிப்பை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

கொட்டகைக் கதவைத் தள்ளினார். வெளிச்சம் ஹெலிகாப்டர் மேல் விழுந்தது.

"இது நம்மளுது" என்றார். "வீட்டுப் பணத்துலதான் வாங்கினேன். பறந்தா மணிக்கணக்குல செலவு, நின்னா வருஷக்கணக்குல செலவு. கம்ப்ரஸர் போகல, எக்ஸ்ரே போகல. கூரை மட்டும் அப்புறமா நிஜமாவே ஒழுகிச்சு. தப்புதான். இருபது வருஷத்துப் பணம். உன் ஜன்னலை நான் சாப்பிட்டுட்டேன்."

அவர் எதிர்பார்த்த எதுவும் நடக்கவில்லை. மனைவி வால் பக்கம் எழுதியிருந்த எண்ணைப் படித்தார். இன்னொரு தரம் படித்தார். பிறகு டிரம்முக்குப் பின்னால் கைவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஹெலிகாப்டரை முறைத்துப் பார்த்தார்.

"எவ்வளவுக்கு வாங்கினீங்க?"

டாக்டர் முதல்முறையாக உண்மை விலையைச் சொன்னார்.

"அடப்பாவி, எனக்கு அதுல பாதி..." என்று ஆரம்பித்த மனைவி, நாக்கைக் கடித்துக்கொண்டார். "அந்தத் தரகன் உருப்படுவானா?"

"தரகர் என்ன பண்ணுவார், பாவம்? நான்தானே..."

அப்போது வாலுக்கு அடியிலிருந்து மெக்கானிக் தவழ்ந்து வெளியே வந்தார். கையைத் துணியில் துடைத்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அட, வாங்கம்மா! டாக்டர், நீங்க பாக்கணும் பாக்கணும்னு சொன்ன பழைய ஓனர் இவங்கதான்; மாமா எழுதிவெச்சதாம், புருஷன் காதுல விழுந்தா கழட்டிப் பாக்கணும்பார், விக்கவே விடமாட்டார்னு பயந்து, பாவம், கிடைச்ச விலைக்குத் தள்ளிட்டாங்க."