மச்சானைத் தாங்கும் ஜிக்

இருபத்து மூன்றாவது பலகையும் நாசம். பலகையில் நீளப் பள்ளமாக ஓடும் காடி, விளிம்புக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட வேண்டும். அப்போதுதான் டிராயரின் முகப்பில் ஓட்டை தெரியாது. முதலாளியின் மச்சானோ காடி வெட்டும் ரூட்டர் மேசையில் பலகையைக் கடைசிவரை தள்ளிவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து தலை நீட்டிச் சுழலும் வெட்டுமுனையான பிட்டை வேடிக்கை பார்த்தான்.

“நிறுத்துன்னு கத்தினேனே, காதுல விழலியா?” என்றாள் மிஷின்காரி. பட்டறையில் அவளுக்கு அதுதான் பேர்.

“விழுந்துச்சுக்கா. கைதான் கேக்கல.”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். இரண்டு வருடமாகத் தற்காலிக வேலை. “என் மச்சான் கையால தொடர்ந்து நூறு பலகை கெடாம வரட்டும். அன்னிக்கே உன்னை நிரந்தரமாக்கறேன்” என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். நிரந்தரமானால் ஒரு அறை வாடகைக்கு எடுக்கலாம். இப்போது படுக்கை அண்ணன் வீட்டுச் சமையலறையில். அண்ணி கழுவிவிட்ட தரை காய்ந்த பிறகுதான் பாய் விரிக்க முடியும். அண்ணி நிதானமாகத்தான் கழுவுவாள்.

மேசையின் இடப்பக்கம் ஒரு தடுப்புக் கட்டையைக் கிளாம்ப் போட்டு இறுக்கினாள். பலகை முட்டினால் நிற்கும்.

மச்சான் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்தான். பிறகு மாடு முட்டுவதுபோல் பலகையைக் கொண்டுபோய் மோதினான். கட்டை நகர்ந்தது. பலகை நாசம்.

“என்னடா தாள் அது? லவ் லெட்டரா?”

“மாமா குடுத்ததுக்கா.”

“உங்க மாமாகிட்ட மூளையும் கேட்டு வாங்கிட்டு வா.”

கட்டையைத் திருகாணி போட்டு முடுக்கினாள். மச்சான் மரத்தூளைக் கூட்டவில்லை. தூள் கட்டையடியில் சேர்ந்து, காடி குட்டையானது. தூள் ஒதுங்கட்டும் என்று கட்டையின் அடிமூலையைச் செதுக்கிவிட்டாள். மச்சான் பலகையைத் தலைகீழாக வைத்தான். சரியாக வைத்தால் மட்டும் உட்காரும்படி ஒரு முளை அடித்தாள்.

மச்சான் தாளைப் பார்த்தான். வழக்கமான வலப்பக்கத்தை விட்டு, இடப்பக்கம் போய் நின்று தள்ளினான்.

சுழலும் பிட் பலகையைப் பிடுங்கி எறிந்தது. அது ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. மச்சானின் கட்டைவிரல் ஒரு நூலிழையில் தப்பியது. அவள்தான் சட்டையைப் பிடித்து இழுத்திருந்தாள்.

“சாவறதுன்னா உங்க மாமா வீட்ல போய்ச் சாவு! இங்க எதுக்குடா?”

அவன் கட்டைவிரலைத் தடவிப் பார்த்தான். “இது ஆபத்துன்னு அதுல போடலக்கா” என்று முனகினான். அவள் காதில் வாங்கவில்லை.

இடப்பக்கத்தைப் பலகையடித்து மூடினாள். இரண்டு கைப்பிடி வைத்து, தள்ளுவண்டிபோலப் பலகையை ஏந்திப்போகும் ஒரு சட்டம், அதாவது ஜிக், செய்தாள். கை பிட் பக்கமே போக முடியாது. ஆறாவது, ஏழாவது, எட்டாவது தப்புகளைச் சொன்னால் உங்களுக்கும் ரத்தம் கொதிக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டை, ஒரு ஆணி, ஒரு மூடி. ஒன்பதாவதுக்குப் பிறகு மச்சான் நூறு பலகை தள்ளினான். நூறும் ஒன்றுபோல வந்தன. கண்ணை மூடிக்கொண்டும் ஒன்று தள்ளிப் பார்த்தான். அதுவும் சரியாக வந்தது.

முதலாளி வந்தார், ஜிக்கைத் தடவிப் பார்த்தார், “கெட்டிக்காரிம்மா நீ” என்றார். “மச்சான்கிட்ட சொல்லி அனுப்பறேன்.”

அவள் கையைக் கழுவினாள். அறைக்கு ஜன்னல் இருக்க வேண்டும் என்றுகூட முடிவு செய்துவிட்டாள்.

சாயங்காலம் மச்சான் வந்தான். தலை நிமிரவில்லை. பையிலிருந்து அதே தாளை எடுத்து நீட்டினான்.

“மாமா எழுதிக் குடுத்த ஒம்பது தப்பையும் பண்ணி முடிச்சிட்டேன்க்கா. இனிமே அந்த மிஷினை எவன் வேணாலும் ஓட்டலாமாம், நாளைலேர்ந்து உங்களை வர வேணாம்னு சொல்லச் சொன்னாரு.”