போன செவ்வாய்க்கிழமை நான் சாகவில்லை

சேசு மரி சூசை துணை

இண்டூர்
12-6-1971

அன்புள்ள தம்பி அருள்சாமிக்கு, உன் அக்கா ராயம்மாள் உயிரோடு இருந்து தன் கைப்பட எழுதிக்கொண்டது. இங்கு என்னையும் சேர்த்து எல்லாரும் சுகம். பேத்தி ராஜமேரி பரீட்சையில் முதலாவது. திருச்சியில் உன் வூட்டார் சுகத்துக்கு மாதாவை மன்றாடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை உனக்கு இரண்டு தந்தி வந்திருக்கும். அக்கா இறந்தாள், உடனே வா என்று ஒன்று. அக்கா சுகம், வரவேண்டாம் என்று இன்னொன்று. இரண்டும் என் மகன் பெரியநாயகம் தருமபுரிக்குச் சைக்கிள் மிதித்துப் போய் அடித்தவை. அவன் மேல் குற்றமில்லை. எல்லாம் நம் ரங்கூன் பழக்கத்தால் வந்தது.

உனக்கு ஞாபகம் இருக்கும். என் மூத்த குழந்தை காய்ச்சலில் போனப்போ நான் சோறு தண்ணி இல்லாம கிடந்தேனே, பக்கத்து வூட்டு பர்மாக்காரி மா சேன் என்னை இழுத்துக்கிட்டுப் போயி புத்தர் கோயில் மண்டபத்துல உக்கார வெச்சாளே. தொணைக்கு நீயும் வந்தே, பன்னண்டு வயசு. "மூக்கு நுனியில காத்து போறதையும் வர்றதையும் பாரு, வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்"னா. "பாத்தா எம்புள்ள வந்துருமா"ன்னு கேட்டேன். "வராது. அழுகை வரும், அப்புறம் போவும். அது போறத நீ இதுவரைக்கும் பாத்ததில்ல, அதுக்குத்தான்"னா. நீ "கொசு கடிக்குதுக்கா"ன்னே. "கடிக்குதுன்னு தெரிஞ்சுக்க, அடிக்காதே"ன்னா. "தெரிஞ்சுக்கிட்டேன்"னு சொல்லிட்டுப் பட்டுனு அடிச்சே. எதிர்ல உக்காந்திருந்த பிட்சு கூடச் சிரிச்சாரு. திரும்பறப்ப தெருவோரம் அத்தோ வாங்கித் தின்னோம். அந்த வறுத்த பூண்டு வாசனைக்கு இந்த ஊர்ல எங்க போவேன்.

கப்பலேறி வந்தும் நான் அதை வுடல. ஜெபமாலை முடிச்சதும் உள்ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு ஒரு மணி நேரம், நடுவுல கண்ணைத் தொறக்கறதில்ல. மருமக லூர்து மேரிக்கு அதும் ஜெபம்னு நெனப்பு. செவ்வாக்கிழமை வெக்கை தாங்காம கொல்லைப் புளியமரத்துல சாஞ்சு உக்காந்தேன். பக்கத்து வூட்டு சாலம்மாள் முறம் கேட்டு வந்து "ஆயா, ஆயா"ன்னா. கேட்டுச்சு. கேக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டு வுட்டுட்டேன். மூக்குல கைய வெச்சுப் பாத்தா. அன்னிக்கு மூச்சு அவ்வளவு சன்னம், பெருமைக்குச் சொல்லல. உடனே "வாரிக் குடுத்த மவராசி"ன்னு ஒப்பாரி வெச்சுட்டா. போன வாரம் என்னைக் கஞ்சப்பிசினாறின்னவ அவதான். லூர்து மேரி ஓடி வந்து "பெத்த தாயாட்டம் இருந்தீங்களே"ன்னு அழுவறா. பதினாலு வருசத்துல கேக்காத பேச்சு. இன்னும் கொஞ்சம் கேக்கலாம்னு இருந்தேன். அது ஆசைதான், ஆசைன்னும் தெரிஞ்சுக்கிட்டேன். அதுக்குள்ள கோயில்ல சாவு மணி அடிச்சு, பெரியநாயகம் சைக்கிள எடுத்துட்டான். பெட்டி செய்யற தீர்த்தகிரி ஆசாரி கயித்தோட வந்துட்டான். "சம்மணம் போட்டு இருக்குதே, நீட்டத்துக்கு அளக்கறதா உசரத்துக்கு அளக்கறதா"ங்கறான். "வெறைக்கறதுக்குள்ள கால நீட்டுங்க"ன்னு ரெண்டு பேரு முட்டியப் புடிச்சு இழுக்க, நான் "இன்னும் நேரம் ஆகலடா"ன்னேன். கயித்தைப் போட்டுட்டு ஓடின ஆசாரி இன்னும் இந்தப் பக்கம் வரல. தருமபுரியிலிருந்து வேர்த்து வந்த பெரியநாயகம் என்னப் பாத்துட்டு, எறங்காமலே சைக்கிளைத் திருப்பினான்.

வரவேண்டாம்னு அடிச்சது சரிதான் தம்பி. உனக்கு லீவு கிடைக்காது. துறைமுகத்துல பிரிஞ்சு ஆறு வருசமாச்சு, பரவால்ல. எதையும் புடிச்சுக்கிட்டு இருக்கக் கூடாதுன்னுதான் அத்தனை வருசம் உக்காந்தது. பஸ் ஹாரன் கேக்கறப்பல்லாம் வாசலுக்குப் போறேன், அது கோழி வெரட்ட.

உன் பிள்ளைகள் நெற்றியில் என் பேரால் சிலுவை போடவும். மாதா உங்களைத் தன் முந்தானையில் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
அக்கா ராயம்மாள்

பின்குறிப்பு: எங்க வூட்ல கோழியே இல்ல. ரெண்டாவது தந்தி என்னக் கேக்காம அடிச்சது. "அவன் வந்து சேரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்"னு நான் வாயெடுக்கறதுக்குள்ள பெரியநாயகம் தெருமுனை தாண்டிட்டான். அதக் கிழிச்சுப் போட்டுட்டு மொதல் தந்தியக் காட்டி லீவு கேளு. எத்தனை நாளுன்னு கேட்டா, அக்காவுக்குப் பெரிய காரியம், பத்து நாளாவது ஆகும்னு சொல்லு.